மதிப்பெண்ணின் ஆயுள்

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பொதுத்தேர்வு மதிப்பெண், கோடை தொடங்கும் வேளையில் ஏதேனும் ஒரு பள்ளியின் வகுப்பறைகளில் கூடும் விடைத்தாள் திருத்தும் முகாமில் உருவாகிறது. மாணவரின் பெயரும் பதிவெண்ணும் உள்ள முகப்புப் பகுதி முன்பே பிரித்தெடுக்கப்பட்டிருப்பதால், யாருடைய தாள், எந்த ஊர்த் தாள் என்று அறியாமலே உதவித் தேர்வாளர், அதாவது தாளை முதலில் படித்து மதிப்பெண் இடும் ஆசிரியர், தேர்வுத்துறை அனுப்பிய விடைக்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு முற்பகலுக்கு ஒரு கட்டும் பிற்பகலுக்கு ஒரு கட்டுமாகத் திருத்துகிறார். கூட்டல் பிழை உண்டா, திருத்தாமல் விடுபட்ட விடை உண்டா என்று கூர்ந்தாய்வு அலுவலர் பார்க்கிறார். அவருக்கும் மேலே முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை எடுத்து மறுபடி மதிப்பிட்டு, ஒருவர் தாராளமாகவும் இன்னொருவர் கறாராகவும் போய்விடாமல் கவனித்துக்கொள்கிறார். இந்தப் பணியில் பல ஆண்டுகள் அமர்ந்து, மற்ற மாதங்களில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் கற்பித்த ஓர் ஆசிரியரின் பட்டறிவே இக்கட்டுரைக்கு அடிப்படை. முகாமை விட்டு வெளியேறிய மதிப்பெண், அதைப் பெற்றவரோடு எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது, எங்கே திரும்பவும் எழுந்து வருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

திருத்துபவருக்குத் தெரிந்த முதல் உண்மை, ஒரு தாளின் மதிப்பெண்ணில் இரண்டு மூன்று எண்கள் ஏறுவதும் இறங்குவதும் மாணவரின் அறிவை மட்டும் பொறுத்தவை அல்ல என்பது. சிறுநீரகத்தின் நுண்குழல் அமைப்பைச் சரியாக விளக்கிவிட்டுப் படத்தில் ஒரு பாகத்தைக் குறிக்காமல் விட்ட விடைக்கு ஒருவர் அரை மதிப்பெண் குறைப்பார், இன்னொருவர் ஒன்று குறைப்பார். பிற்பகலின் கடைசித் தாளைப் படிக்கும் கண்ணும் முற்பகலின் முதல் தாளைப் படித்த கண்ணும் ஒன்றல்ல. விடைத்தாளின் நகலைப் பெற்று, கூட்டல் மட்டும் சரிபார்க்கும் மறுகூட்டலுக்கோ, முழுவதையும் மீண்டும் மதிப்பிடும் மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும் வசதியை அரசே வைத்திருப்பது இந்த ஏற்ற இறக்கத்தை ஒப்புக்கொண்டதனால்தான். ஆனால் மதிப்பெண்ணைப் பயன்படுத்தும் விதிகள் எவையும் அதை ஏறக்குறைய என்று எடுத்துக்கொள்வதில்லை. அவை 34ஐ 34 என்றும் 35ஐ 35 என்றுமே வாசிக்கின்றன.

இந்த 35தான் தேர்ச்சிக் கோடு. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த பழைய முறையில், செய்முறைத் தேர்வு உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 150க்கு நடந்தபோது, அதில் குறைந்தது 30 பெற்று மொத்தத்தில் 70ஐ எட்ட வேண்டியிருந்தது. 100 மதிப்பெண்ணாக மாறிய பிறகு 70க்கு நடக்கும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 பெற்று, செய்முறையையும் அகமதிப்பீட்டையும் சேர்த்து 35ஐத் தொட வேண்டும். கோட்டை ஒட்டி நிற்கும் தாள்களை மறுபடி படித்துப் பார்ப்பது முகாம்களில் ஊறிய வழக்கம், அதில் இரக்கமும் உண்டு, நீதியும் உண்டு. உச்சத்தில் நிற்கும் இரண்டு தாள்களின் வேறுபாட்டைப் பற்றி முகாமில் யாரும் விவாதித்துக் கேட்டதில்லை. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஒரு தாளுக்காக மூன்று ஆசிரியர்கள் தலைகுனிந்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டிருக்கிறார். அந்த மூவருக்கும் கிராமப்புறப் பள்ளி தெரியும் என்பதால், அந்தக் கோட்டின் எடையும் தெரியும்.

கோட்டின் எடை எத்தகையது என்பதை முண்டியம்பாக்கத்தில் இருந்துகொண்டு எளிதில் கணக்கிடலாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேல், விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள இந்தச் சிற்றூரில் ஒரு ரயில் நிலையமும், ஒரு தனியார் சர்க்கரை ஆலையும், 2010இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அருகருகே இருப்பதால், இப்பகுதிப் பள்ளிகளில் படித்தவர்களை அவர்கள் பெற்ற மதிப்பெண்ணின் எல்லா நிலைகளிலும் இங்கே சந்திக்க முடிகிறது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் நடத்துநர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்; இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கும் அதே தேர்ச்சி வேண்டும்; இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணியிடங்களுக்கு ஆள் எடுக்கும் குரூப் 4 தேர்வை எழுதவும் அதுவே வேண்டும். இவற்றுள் எதிலும் பத்தாம் வகுப்பில் 490 பெற்றவருக்கும் 190 பெற்றவருக்கும் வேறுபாடு இல்லை, இருவரும் ஒரே போட்டித் தேர்வைத்தான் எழுத வேண்டும். கணக்கில் 34 பெற்று நின்றுவிட்டவர் மட்டும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பத்தியிலேயே வெளியேற்றப்படுகிறார்.

கடல் கடந்து போக விரும்புபவரையும் அந்தக் கோடு தொடர்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை என்ற குறிப்பு இடம்பெறும். வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகும்போது அவர் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரிடம் தனியே அனுமதி பெற வேண்டும், தேறியவருக்கு அந்தப் படி இல்லை. தொழிலாளரைக் காக்கும் நோக்கத்தோடு வந்த ஏற்பாடுதான் எனினும், முகவருக்குக் கட்டணம் கட்டிக் காத்திருக்கும் இளைஞருக்கு அது பள்ளியில் விட்டுவந்த ஒரு பாடத்தின் வட்டியாகவே தெரிகிறது. சரக்கு வாகனமும் பேருந்தும் ஓட்டுவதற்கான உரிமம் பெற எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 8ஆம் விதி கூறிவந்தது. 2019இல் அது நீக்கப்பட்டது. கரும்பு லாரியை ஆலை வாயில்வரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தெரிந்த எத்தனையோ பேர் அதுவரை உதவியாளர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். விதி நீங்கிய மறுநாள் அவர்களுடைய ஓட்டும் திறன் கூடிவிடவில்லை. அவர்கள் தேறாமல் போன எட்டாம் வகுப்பு மட்டும் பொருளற்றதாகிவிட்டது. மதிப்பெண்ணின் விளைவு அது எதை அளக்கிறது என்பதில் இல்லை, எந்த விதி அதைக் கையில் எடுக்கிறது என்பதில் இருக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவது இதையே.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு இன்னொரு நீண்ட வாழ்வும் உண்டு. அதில் அச்சாகும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த நாளும், பணிப் பதிவேடு முதல் ஓய்வு பெறும் நாள்வரை எல்லா ஆவணங்களுக்கும் மூலமாகின்றன. பிறப்புப் பதிவு இல்லாத குழந்தைகளை முதல் வகுப்பில் சேர்த்தபோது அன்றைய ஆசிரியர் வயதை ஒப்பேற்றி எழுதிய தேதி, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு ஒருவரது ஓய்வுநாளைத் தீர்மானித்திருக்கிறது. மதிப்பெண் பட்டியலை நாற்பது வயதுக்குப் பிறகு பெட்டியிலிருந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் தேடுவது அந்தத் தேதியைத்தான்.

பொதுப்பேச்சில் பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண் பெறும் கவனத்தைப் பத்தாம் வகுப்பின் மதிப்பெண் பெறுவதில்லை. ஆனால் ஒரு கிராமப்புற மாணவரின் பாதை உண்மையில் பிரிவது, பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாட்களில், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் அறையில் நடக்கும் பாடப்பிரிவு ஒதுக்கீட்டில்தான். பாடப்பிரிவு, பேச்சு வழக்கில் குரூப், என்பது பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஒருவர் சேர்ந்து படிக்க வேண்டிய பாடங்களின் தொகுதி: கணிதத்தோடு உயிரியலும் உள்ள முதல் குரூப், கணினி அறிவியல் உள்ளது, வணிகவியல், வரலாறு, தொழிற்கல்வி என்று அவை வகைப்படும். இடங்களுக்குப் போட்டி உள்ள பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணும், கணிதத்திலும் அறிவியலிலும் பெற்றவையுமே குரூப்பைத் தீர்மானிக்கின்றன. உயிரியல் கிடைக்காத மாணவிக்கு மருத்துவம், செவிலியப் பட்டப்படிப்பு, ஆய்வக நுட்பம் ஆகிய எல்லாம் 15ஆவது வயதில் ஒரே பிற்பகலில் மூடப்படுகின்றன. அவருடைய தாய் அறை வாசலில் நின்று, "எந்த குரூப்பா இருந்தா என்ன சார், புள்ள படிக்கணும்" என்று நன்றியோடு சொல்லிவிட்டுப் போகிறார். அந்தத் தாய்க்கு அங்கே நடந்தது என்னவென்று விளக்கிச் சொல்ல ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. வணிகவியலையும் தொழிற்கல்வியையும் தாழ்வாகக் கருதுவது தவறு, அவற்றில் படித்தவர்கள் நல்ல நிலையில் வாழ்கிறார்கள். தேர்ந்தெடுத்துப் போவதும் தள்ளப்பட்டுப் போவதும் ஒன்றல்ல என்பதே இங்கு கூறப்படுவது.

அந்த மதிப்பெண் எந்தச் சூழலில் ஈட்டப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுத்தேர்வுகள் மார்ச் மாதத்தில் நடக்கின்றன. இப்பகுதியில் கரும்பு அரவைப் பருவம் குளிர்காலத்தில் தொடங்கிக் கோடையில் முடிவதால், தேர்வுக்கு முந்தைய மாதங்களே வெட்டு ஆட்களுக்கு மிகுதியாக வேலை கிடைக்கும் மாதங்கள். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு, அதாவது இன்னாரது வயலில் இன்ன நாளில் கரும்பை வெட்டலாம் என்னும் அனுமதி, வந்துவிட்டால் குடும்பத்தோடு கிளம்புவது வழக்கம். செங்கல் சூளைகளுக்குப் போகும் குடும்பங்களுக்கும் அதுவே பருவம். பாட்டியின் பொறுப்பில் விடப்பட்டு, தம்பி தங்கைக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்து திருப்புதல் தேர்வு எழுதும் பிள்ளைகளும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பள்ளிக்கு வரும் பையன்களும் இல்லாத வகுப்பு இப்பகுதியில் இல்லை. விழுப்புரம் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத் தேர்ச்சி வரிசையின் கடைசிச் சில இடங்களிலேயே இருந்ததற்கு ஆசிரியர் பற்றாக்குறையும் வறுமையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன, அவை சரியே; வேலைப் பருவமும் தேர்வுப் பருவமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். இத்தகைய பிள்ளை வாங்கிய 60ஐயும், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டுப் பன்னிரண்டின் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட்ட பிள்ளை வாங்கிய 95ஐயும் ஒரே அளவுகோலின் இரு புள்ளிகளாகக் கொள்வது அறிவியல் ஆகாது. பதினொன்றாம் வகுப்புக்கும் 2018இல் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அந்த விடுதிப் பள்ளி வழக்கமே பெருங்காரணம்.

உச்சத்தில் உள்ள மதிப்பெண்களைப் பொருட்படுத்தும் கதவுகள் மிகச் சில, அவற்றுள் மருத்துவக் கல்லூரியின் கதவே எல்லாவற்றிலும் குறுகியது. அதன் திறவுகோல் எத்தனை முறை மாறியிருக்கிறது என்பதை வரிசைப்படுத்தினால் இக்கட்டுரையின் வாதம் தெளிவாகும். 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு நடந்தது. மேல்நிலை மதிப்பெண் 200க்கும் நுழைவுத் தேர்வு 100க்குமாக மொத்தம் 300க்குக் கணக்கிடப்பட்டது. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் 2016 வரை பத்து ஆண்டுகள் மேல்நிலை மதிப்பெண் மட்டுமே அளவாயிற்று. உயிரியலில் பெற்றதை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் சுருக்கிக் கூட்டிய 200க்கான எண்ணே கட்-ஆஃப் எனப்பட்டது. அரை மதிப்பெண்ணிலும் கால் மதிப்பெண்ணிலும் நூற்றுக்கணக்கானோர் ஒரே எண்ணில் குவிந்ததால், சமநிலை வந்தால் உயிரியல், பிறகு வேதியியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம், பிறகு பிறந்த தேதி என்று பார்த்து, அதுவும் சமமானால் முன்கூட்டியே கணினி ஒதுக்கிய சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு முன்பின் முடிவு செய்தார்கள். திருத்தும் முகாமில் யாருக்கும் தெரியாமல் போன அரை மதிப்பெண், இங்கே ஒருவரை மருத்துவராக்கி இன்னொருவரைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பியது.

முண்டியம்பாக்கத்தில் 2010இல் 100 இடங்களோடு கல்லூரி தொடங்கியபோது நடப்பில் இருந்தது இந்த முறையே. 2017இல் நீட் எனப்படும் தேசியத் தகுதி நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டுக்கும் கட்டாயமானது. மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 பெற்றிருந்த அரியலூர் மாவட்டத்து அனிதா, முந்தைய ஆண்டின் விதிப்படி உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இழந்து, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு இதே விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிப் பகுதியைச் சேர்ந்த இன்னொரு மாணவியும் இறந்தார். 1176 என்ற எண் 2016இலும் 2017இலும் ஒரே உழைப்பைத்தான் குறித்தது. விதி மாறியதால் அது ஒரே ஆண்டில் செல்லாத நாணயமானது. ஈழத் தமிழருக்கு இந்த அனுபவம் முன்பே நேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் வந்த தரப்படுத்தல், தமிழ் மொழியில் தேர்வெழுதியவர்கள் பல்கலைக்கழகத்தில் நுழையச் சிங்கள மொழியில் எழுதியவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும் என்று விதித்தபோது, ஒரு தலைமுறையின் மதிப்பெண்களும் அவற்றோடு அரசின்மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையும் ஒன்றாகக் குலைந்தன.

2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிகளில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை உள் ஒதுக்கீடாக அளித்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் இவ்வொதுக்கீடு விரிந்தது. இப்படி வருபவர்களின் நுழைவு மதிப்பெண் குறைவாக இருக்குமே, அவர்கள் மருத்துவர்களாகத் தேறுவார்களா என்ற கேள்வி உடனே எழுந்தது. கேள்வி நியாயமானதே, அதற்கு ஆராய்ச்சி விடையும் ஓரளவு உண்டு. கிறிஸ் மக்மானஸ் குழுவினர், லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவப் பள்ளியில் 1975 முதல் 1982 வரை சேர்ந்தவர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி இறுதித் தேர்வின் தரம் பிற்காலத் தொழிற்பாதையை ஓரளவு முன்னறிவித்தது என்றும், அறிவுத்திறன் சோதனையின் எண் அவ்வாறு முன்னறிவிக்கவில்லை என்றும் காட்டியது. பள்ளி மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை என்பவர்கள் இதை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்: பாடத்தை உட்கார்ந்து படிக்கும் பழக்கமும், தள்ளிப்போடாமல் முடிக்கும் பழக்கமும் அந்த மதிப்பெண்ணில் கலந்திருக்கின்றன, அவை பின்னாலும் உதவுகின்றன.

எனினும் இத்தகைய ஆய்வுகளைப் படிக்கையில் வீச்சுக் குறுக்கம் என்னும் புள்ளியியல் சிக்கலை மறக்கலாகாது. கல்லூரிக்குள் அனுமதிக்கப்பட்டவர்களை மட்டுமே ஆய்வாளர் பின்தொடர முடியும். வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்திருந்தால் எப்படி இருந்திருப்பார்கள் என்பது எந்த அட்டவணையிலும் இடம்பெறாது. உள்ளே வந்த குறைந்த மதிப்பெண்காரர் எதை எழுதித் தேறுகிறார் என்பது மட்டும் தெளிவு: 7.5 விழுக்காட்டில் வந்தவரும் மற்றவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒரே வினாத்தாளையே எழுதுகிறார்கள், ஒரே வார்டுகளில் பயிற்சி பெறுகிறார்கள். முதல் ஆண்டில் அவர்களை வருத்துவது பெரும்பாலும் ஆங்கிலம். உடற்கூறியல் நூலின் சொற்களை மூன்று மாதம் அகராதியோடு படித்துக் கடந்த பிறகு அந்தத் தடை குறைகிறது என்று இக்கட்டுரையாளரின் பழைய மாணவர்கள் கூறுகிறார்கள். பிறகு பயிற்சி மருத்துவராக இரவுப் பணியில் நிற்கும்போது, பாம்பு கடித்துத் தூக்கிவரப்பட்ட கரும்புத் தொழிலாளியிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது அந்த வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு எளிதில் கைவருகிறது. இந்தத் திறனுக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை.

அதே மருத்துவமனைக் கட்டடத்தில் மருத்துவர் நீட் வழியே வந்திருக்க, செவிலியப் பட்டப்படிப்பிலும் துணை மருத்துவப் படிப்புகளிலும் சேர்க்கை மேல்நிலை மதிப்பெண் வழியே தொடர்ந்து நடந்துவந்திருக்கிறது. ஆய்வக நுட்புநர் போன்ற சில பணிகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுத்தபோது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டயப் படிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்களையும் வெவ்வேறு விகிதத்தில் கூட்டித் தரவரிசை தயாரித்திருக்கிறது. வாசலில் காவல் நிற்பவருக்கும் சக்கர நாற்காலி தள்ளுபவருக்கும் யாரும் மதிப்பெண் கேட்டதில்லை. இவர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக இருக்கக்கூடும். செவிலியருக்கு மதிப்பெண் சேர்க்கையோடு முடிந்துவிட்டது, ஆய்வக நுட்புநருக்குப் பணி நியமனம்வரை நீண்டது, காவல் நிற்பவருக்கும் நாற்காலி தள்ளுபவருக்கும் அது தொடங்கவே இல்லை.

இறந்துவிட்டதாக எண்ணிய மதிப்பெண் எழுந்து வந்த நிகழ்ச்சிக்கு ஆசிரியர் தொழிலிலேயே கசப்பான சான்று உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களைப் பணியில் அமர்த்த 2014 மே மாதத்தில் வெளியான அரசாணை 71, வெயிட்டேஜ் எனப்பட்ட ஒரு கூட்டுக் கணக்கைக் கொண்டுவந்தது. பட்டதாரி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வுக்கு 60, பட்டத்துக்கு 15, கல்வியியல் பட்டத்துக்கு 15, பன்னிரண்டாம் வகுப்புக்கு 10 என்று அது பகிர்ந்தது. மேல்நிலைத் தேர்வு தொடங்கிய 1980களில் உயிரியலில் 200க்கு 140 என்பது பெருமைக்குரிய மதிப்பெண். முழு மதிப்பெண் என்பது கேள்விப்படாத ஒன்று. 2000க்குப் பிறகு விடைக்குறிப்பின் தாராளமும் வினாத்தாளின் அமைப்பும் மாறி, முழு மதிப்பெண்கள் குவிந்தன. தகுதித் தேர்வில் கூடுதலாகப் பெற்ற நாற்பது வயதுக்காரர், 17ஆவது வயதில் கறாரான காலத்தில் பெற்ற எண்ணுக்காக, இருபத்து மூன்று வயதுக்காரருக்குப் பின்னால் தள்ளப்பட்டார். அவ்விருவரின் மேல்நிலைத் தாள்களையும் ஒரே ஆசிரியர் திருத்தியிருக்க முடியும் என்பதை எண்ணினால் இதன் அநீதி விளங்கும்: திருத்தியவர் அவரே, பாடமும் அதுவே, திருத்தும் காலத்தின் மனப்போக்கு வேறு. பல போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பிறகு 2018இல் அம்முறை கைவிடப்பட்டது; அதற்குள் வாய்ப்பை இழந்தவர்களுக்கு யாரும் ஈடு செய்யவில்லை. அதற்கும் முந்தைய காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி, அதாவது யார் முதலில் பதிந்தாரோ அவர் முதலில் என்ற வரிசைப்படி, ஆசிரியர்களை அமர்த்தியபோது மதிப்பெண்ணுக்கு இடமில்லை, தேர்ச்சி பெற்ற நாளுக்குத்தான் இடம். ஒரு பாடத்தில் தவறி ஓராண்டைத் தொலைத்தவர் அந்த ஓராண்டை வரிசையில் எப்போதும் மீட்க முடியவில்லை.

பள்ளி மதிப்பெண் முழுமையாக மறையும் இடமும் முண்டியம்பாக்கத்திலேயே உண்டு. சர்க்கரை ஆலையில் கொதிகலனை இயக்குபவருக்கு அதற்குரிய அரசுத் தகுதிச் சான்று வேண்டும். சாறு கொதிக்கும் கலத்தில் படிகம் திரளும் பதத்தைக் கண்டறிபவருக்குப் பல பருவங்களின் பழக்கம் வேண்டும். அங்கே இரண்டு பருவங்கள் வேலை செய்தவரிடம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பொருளியலர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கிய கருத்து இதற்குப் பொருந்துகிறது: ஒருவரது திறனை நேரில் அறிய முடியாத முதலாளி சான்றிதழை ஓர் அடையாளக் குறியாகக் கொள்கிறார், திறன் நேரில் தெரிந்த பிறகு அந்தக் குறி தேவையற்றதாகிறது. சமூகவியலர் ரொனால்டு டோர், 1976இல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை ஒப்பிட்டு, தொழில்வளர்ச்சி தாமதமாகத் தொடங்கிய நாடுகளில் வேலைகள் குறைவாகவும் சான்றிதழ் தேடுவோர் மிகுதியாகவும் இருப்பதால், அதே வேலைக்குக் கேட்கப்படும் படிப்பு ஏறிக்கொண்டே போகும் என்று காட்டினார். முன்பு பத்தாம் வகுப்போடு கிடைத்த எழுத்தர் வேலைக்கு இன்று பொறியியல் பட்டதாரிகள் குரூப் 4 எழுதிப் போட்டியிடுவதைப் பார்ப்பவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில், மதிப்பெண் வெறும் எண்தான் என்று புகழ்பெற்றவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. தவிக்கும் பிள்ளையை அந்தக் கணத்தில் தாங்கிப் பிடிக்க அந்தச் சொல் உதவுமானால் அதை வரவேற்க வேண்டும். ஆயினும் அது எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் உண்மையாவதில்லை. கடையோ நிலமோ, சென்னையில் ஒரு சித்தப்பாவோ, கட்டணம் கட்டித் தனியார் கல்லூரியில் சேர்க்கும் வசதியோ உள்ள வீட்டில் குறைந்த மதிப்பெண் ஒரு வருத்தம். அவை எதுவும் இல்லாத வீட்டில் சான்றிதழ் ஒன்றே பரிந்துரை. ஏழைப் பிள்ளைக்கு மதிப்பெண் தேவையில்லை என்று சொல்வது, அவருக்கு இருக்கும் ஒரே பரிந்துரையையும் பிடுங்குவதாகும். தோற்றவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு: அதே ஆண்டில் சில வாரங்களில் துணைத் தேர்வு நடக்கும், அதற்குரிய கட்டணமும் கடைசி நாளும் இவை, தேறினால் அந்த ஆண்டே கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேரலாம், மனம் உடைந்தால் 104 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம். இந்த நான்கையும் முடிவு வந்த அன்றே வீட்டுக்குப் போய்ச் சொன்ன ஆசிரியர்களின் பள்ளிகளில், தவறிய பிள்ளைகள் தேர்வுக்குத் திரும்பியிருக்கிறார்கள். தகவல் பலகையில் ஒட்டிவிட்டு நிறுத்திக்கொண்ட பள்ளிகளில் பாதிப் பேர் அதைப் படிக்கவே வரவில்லை.

தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். அது தேர்வு எழுதியவர்களில் தேறியவர்களின் விகிதம். எழுதாமலே போனவர்கள் அந்தக் கணக்கின் மேலும் இல்லை, கீழும் இல்லை. நூறு விழுக்காடு என்று பலகை வைக்கும் ஆவலில், ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும் என்று அறிவுரை கூறும் வழக்கம் சில பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. தனித்தேர்வர் என்பவர் பள்ளியில் சேராமல் நேரடியாகப் பொதுத்தேர்வு எழுதுபவர். சட்டப்படி அது திறந்த வழி, ஆனால் கற்பிக்க ஒருவரும் இல்லாத வழி. 2021இல் கொரோனாக் காலத்தில் பத்தாம் வகுப்பினர் அனைவருக்கும் தேர்வு இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் அச்சிட்ட சான்றிதழ் தரப்பட்டபோது, இடையில் நின்றிருக்கக்கூடிய பலர் பதினொன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்ததை இப்பகுதி ஆசிரியர்கள் நேரில் கண்டார்கள். கோடு அகன்றிருந்த அந்தக் கொரோனாக் காலத்தில் வந்தவர்களையும், அதற்கு முன்பின் ஆண்டுகளில் கோட்டுக்கு வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டு, அவர்கள் இன்று எங்கே என்ன செய்கிறார்கள் என்று பள்ளிவாரியாகத் தேடிக் கணக்கெடுப்பது கல்வித்துறைக்கு எட்டாத வேலையல்ல, சேர்க்கைப் பதிவேடுகள் தலைமையாசிரியர் அறைகளிலேயே இருக்கின்றன. அதுவரை செய்யக்கூடியது, அரவை நின்று குடும்பங்கள் ஊர் திரும்பும் மே, ஜூன் மாதங்களில் அப்பிள்ளைகளின் தெருக்களுக்குப் போய், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாலை வகுப்பு நடத்தி, தனித்தேர்வர் விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுப்பது. விக்கிரவாண்டி வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இதைச் செய்துவருகிறார்கள், அவர்களிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் எட்ட வேண்டியது 35 மட்டுமே.